மூன்றெழுத்து

ஒஸ்தியா நகர வாசலுக்கு வெளியே
உப்பு வண்டிகள் போகும் சாலையில்
எங்கள் பட்டறை.
தல்லுஸ் கல்லில் வெட்டுவான்.
வெட்டிய பள்ளத்தில்
செந்தூரம் நிரப்புவது நான்.
வாசிக்கத் தெரியாது எனக்கு.
எந்த எழுத்து எவ்வளவு சாயம் குடிக்கும்
என்று கேளுங்கள், சொல்கிறேன்.

எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி.
ஆற்றில் படகிழுத்துச் செத்தவனின் மனைவி
மிந்தியா வந்தாள் ஒருநாள்.
விரலை மடக்கி மடக்கி எண்ணினாள்.
'அன்பான' வேண்டாம் என்றாள்.
'அருமை'யும் வேண்டாம்.
பேர் மட்டும் போடு,
எப்படிப்பட்டவன் என்று எனக்குத் தெரியும்,
சாலையில் போகிறவனுக்கு எதற்கு?

கொசினியுஸ் பிரிஸ்குஸ் அப்படியில்லை.
எண்ணெய் வியாபாரம், துறைமுகத்தில் ஏழு கிட்டங்கி,
ஏதென்ஸிலிருந்து வரவழைத்த ஆசான் வீட்டோடு.
சாகும் முன்பே கல் வேண்டும் அவருக்கு.
மெழுகுப் பலகையில் எட்டு வரி எழுதி வந்து
நின்றபடியே வாசித்தார்:
இருந்ததை எண்ணினேன், இல்லாததை எண்ணவில்லை.
கோபம் என் வாசல்வரை வந்து திரும்பிப் போனது.
மரணத்துக்கு நான் அஞ்சவில்லை.
இன்னும் என்னென்னவோ.
நல்லது என்றான் தல்லுஸ்.
அவனுக்கு அன்று பல்வலி.

கல் முடிந்த நாள்
பல்லக்கிலிருந்து இறங்கி வந்தவர்
ஆறாம் வரியில் நின்றார்.
எங்கள் பாஷையில் 'இல்லை' மூன்றெழுத்து.
மூன்றும் விட்டுப் போயிருந்தன.

மரணத்துக்கு நான் அஞ்சினேன்
என்றது கல்,
என் செந்தூரத்தில் பளபளவென்று.

கோபம் திரும்பி வந்தது,
வாசலில் நிற்கவில்லை, நேராக உள்ளே.
உளியை எடுத்து எறிந்தார்.
நூலிழையில் தப்பியது தல்லுஸின் கால்.
பல்லக்குத் தூக்கிகள் நால்வரும்
வானத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
ஆசான் மெதுவாகச் சொன்னார்:
"கல் உங்கள் வசத்தில் இல்லை ஐயா,
கோபம் இருக்கிறது."
அந்த ஆசானை அதற்குப் பிறகு
நாங்கள் பார்க்கவில்லை.

வேறு கல் வெட்டிக் கொடுத்தோம், கூலியில்லாமல்.
கெட்ட கல்லைத் தூக்கிப் போட மனம் வரவில்லை.
நல்ல பளிங்கு, லூனாவிலிருந்து கப்பலில் வந்தது.
எழுத்து தரையைப் பார்க்கக் கவிழ்த்து
அடுப்பங்கரையில் போட்டேன்.
வழவழப்பான முதுகில்
மீன் அரிய வசதி.

திராட்சை பறித்து முடிந்த சமயம்
அவர் மறுபடி வந்தார்.
பல்லக்கில்லை, ஒரு பையனின் தோளைப் பிடித்தபடி.
வயிற்றில் கட்டியாம். கண்ணில் மஞ்சள்.
தல்லுஸ் ஊரில் இல்லை.
"அந்த முதல் கல் இருக்கிறதா?"

செதிலை வழித்துவிட்டு
நானும் பையனும் புரட்டினோம்.
சாயம் உதிர்ந்து மண் ஏறியிருந்தது,
ஒரு மண்புழுகூட.
அவர் குனிந்தார், குனிய முடியாமல் உட்கார்ந்தார்.
விரலால் தேடி ஆறாம் வரிக்கு வந்தார்.
"இதற்கு மட்டும் பூசு."

எதற்கென்று நான் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் ஆசான் பாஷையில்
ஏதாவது சொல்லியிருப்பார்.
மண்ணைக் கிண்டினேன், ஊதினேன், பூசினேன்.
உலரும்வரை அங்கேயே இருந்தார்.
பசிக்கிறது என்றார், சின்னப் பிள்ளைபோல.
நெருப்பில் வாட்டிய மத்தி ரெண்டு கொடுத்தேன்.
தின்றுவிட்டு, கையை விரித்துக் காட்டி,
முள்ளை எங்கே போடுவது என்று கேட்டார்.

குளிர்காலத்தில் நட்டோம் நல்ல கல்லை.
எட்டு வரி, ஒரு பிழையில்லை.
உப்பு வண்டிக்காரர்கள் நிறுத்தி
யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேட்டு
தலையாட்டிப் போகிறார்கள்.

மற்றது என்னிடம்.
கவிழ்த்துப் போட ஆள் அகப்படவில்லை,
தல்லுஸுக்கு இடுப்புவலி,
எழுத்து மேலேயே கிடக்கிறது.
இன்றும் மத்திதான்.
எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும்
செதில் அந்த வரியில் போய்ச் சிக்குகிறது.
ஈர்க்குச்சியால் ஒவ்வொன்றாக
எடுத்துக்கொண்டிருக்கிறேன்.