நாற்பத்தைந்து

மாதம் ஒருமுறை செருப்பைக் கழற்றுகிறேன்,
வளையலை, இடுப்புச் சாவியை,
முந்தானையில் முடிந்த சில்லறையை.
கோயிலுக்கு இல்லை,
சயான் ஆஸ்பத்திரி எடைமெஷினுக்கு.

காலையில் சாயாகூடக் குடிக்கவில்லை.
ஒரு கிளாஸ் சாயா நூறு கிராம்.
நாற்பத்தைந்துக்குக் கீழே நின்றால்
சத்துமாவு இரண்டு கிலோ, கடலைமிட்டாய் ஒரு டப்பா.
மேலே போனால்
"நல்லாத் தேறிட்டீங்க தங்கபுஷ்பம்."
பாராட்டைக் கரைத்துக் கஞ்சி காய்ச்ச முடியாது.

முதன்முதலில் இதில் ஏறியபோது முப்பத்தொன்று.
கொழுந்தன் தூக்கி நிறுத்தினான்.
முள் அசையவே சோம்பல்பட்டது.
மாத்திரை கொடுத்தார்கள், விழுங்கினேன்.
வெறும்வயிற்றில் அது
தாராவி முழுவதையும் தொட்டிலில் போட்டு ஆட்டியது.
"சாப்பிட்டுவிட்டுப் போடு" என்றாள் உஜ்வலா தாயி.
எதை என்று நான் கேட்கவில்லை.
அவள் அலமாரியைத் திறந்து
முதல் பாக்கெட்டை என் மடியில் வைத்தாள்.

'நோயாளிக்கு மட்டும்.'
மூன்று மொழியில் அச்சிட்டிருந்தது.
மகளுக்கு மூன்றும் வாசிக்கத் தெரியும்.
வாசித்துவிட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.
அன்றைக்கே கவரைத் துண்டுதுண்டாக நறுக்கிச்
சாக்கடையில் விட்டேன்.
மாவை ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொட்டினேன்.
பக்கத்து ரூம்காரிக்கு, சர்க்கரை வியாதி.
பாட்டிலுக்கு நோயாளி யாரென்று தெரியாது.
இரவில் இரண்டு கிண்ணம் நீளும்,
ஒன்று கொஞ்சம் பெரியது, அது என்னுடையதில்லை.

இன்று மூச்சை வெளியே விட்டுவிட்டு ஏறினேன்,
மூச்சுக்கும் எடை உண்டு என்று நம்புகிறவளாக.
தாயி முள்ளைப் பார்க்கவில்லை.
மணிக்கட்டில்
வளையல் இருந்த வெளுத்த தடத்தைப் பார்த்தாள்.
"காலையில் என்ன சாப்பிட்டாய்?"
"இட்லி."
"எத்தனை?"
பொய்க்கு ஓர் எண்ணிக்கை தேடுவதற்குள்
வயிறு கத்திவிட்டது.

தன் டப்பாவைத் திறந்தாள். அவல், வேர்க்கடலை,
ஓரத்தில் ஒரு துண்டு எலுமிச்சை.
"தின்னு. தின்றுவிட்டு
எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு ஏறு."
சாவி, சில்லறை, வளையல், செருப்பு, அவல்.
நாற்பத்தாறரை.
ரெஜிஸ்டரில் என்னவோ எழுதினாள்,
கை மறைத்துக்கொண்டது.
"அடுத்த மாதம் உன் மகளையும் கூட்டிவா" என்றாள்,
"அவள் எடைக்கு இங்கே இன்னும் நோட்டே போடவில்லை."
பிறகு அலமாரி திறந்த சத்தம்.

ரயில் நடைபாலத்தில் ஏறி நின்று மூச்சு வாங்கினேன்.
இடுப்பில் இரண்டு கிலோ.
நாற்பத்தாறரையும் இரண்டும்.
கூட்டிப் பார்த்தேன், திரும்பவும் கூட்டினேன்.
கல்யாணத்தன்று
அத்தனை நகையோடும்கூட
நான் இவ்வளவு கனத்ததில்லை.