ஒப்பிட ஒரு குழாய்

கொழுப்புச் செல் குளிர் தாங்காது.
பெரியாஸ்பத்திரியில் அறுத்தெடுத்த துண்டை
வெதுவெதுப்பான உப்புநீரில் போட்டு
ஃபிளாஸ்கை மடியில் இடுக்கியபடி
நாகமலைப் புதுக்கோட்டை பஸ்ஸில் போவாள் அங்கயற்கண்ணி.
"காப்பியா டீச்சர்?" என்பார் கண்டக்டர்.
காளவாசல் நெரிசலில்
கடிகாரத்தைப் பார்த்தவாறே தலையாட்டுவாள்.

இருபத்திரண்டு வருஷம்.
இன்சுலின் ஒரு சொட்டு விட்டால்
செல் தன் கொழுப்பை இறுக்கிக்கொள்ளும்.
விடாத குழாயில் கசியும்.
சிலரது துண்டு
சொட்டு விட்டும் கசிந்தது.
அந்தச் சிலரைத்தான்
எட்டுக் கட்டுரையாக எழுதினாள்,
பெயரில்லாமல், எண் போட்டு.

போன சித்திரையில்
அவளுக்கே சர்க்கரை முந்நூற்றுப் பத்து.
தொப்புளுக்கு நாலு விரல் தள்ளி
வயிற்றைக் கிள்ளிப் பிடித்து
ஊசியைச் செருகினாள்.

பத்து எண்ணும்வரை எடுக்கவில்லை.
ஒப்பிட
இன்னொரு குழாய் இல்லை.