இடப்பக்கம் அரை அங்குலம்

பார்ட்டன் தெருவில் உப்புத் தூவிய பனி.
கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு,
குளியல் துண்டில் சுற்றிய படத்தோடு
திருமதி மக்காஸ்கில் வந்தார்.
கண்ணாடியில் விரிசல். மாற்றித் தந்தால் போதும்.

படத்தில் ஒரு மீன்கொத்தி
தாமரைத் தண்டு வளைய உட்கார்ந்து
கீழே எதையோ பார்க்கிறது.
பின்னால் ஆறிய தேநீர் நிறத்தில் வானம்.
"சாயங்காலம் என்று பெயர் வைத்திருந்தோம்.
நாற்பத்தொரு வருஷம், சாப்பாட்டு மேசைக்கு எதிரே.
லோர்ன் அதைப் பார்த்துத்தான்
விளக்கைப் போடு என்பார்."

ஆணிகளை நெம்பினேன்.
ஓரத்தை மறைத்திருந்த அட்டையை எடுத்தால்
வெளிச்சம் ஒருநாளும் எட்டாத விரலகலத்தில்
நீலம்.

நடுப்பகல் நீலம்.

ஹீட்டர் மட்டும் டக் டக்கென்றது.

பிறகு தெரிந்ததைச் சொன்னேன்.
அந்த நாட்டு நீலங்களில் ஒன்று பூவைப் பிழிந்தது,
எங்கள் பக்கத்துக் கானாவாழையின் சாதி.
காலையில் விரிந்து மதியம் சுருளும்.
காகிதத்தில் ஏறினாலும் குணம் போகாது,
வெயில் கேட்டால் கொடுத்துவிடும்,
ஈரம் கேட்டாலும்.
மரம் செதுக்கியவருக்கும் மை தேய்த்தவருக்கும்
தெரிந்திருக்கும்.
தெரிந்தேதான் வானத்துக்கு வைத்திருப்பார்கள்.

"திரும்பப் பூச முடியுமா?"
பூசினால் அது என் வானம்.

மேசை விளக்கைச் சாய்த்தேன்.
மையில்லாமல் அழுத்திய இறகுகள்
சிறகெங்கும் வரிவரியாய் எழுந்தன.
சுண்டுவிரலை அருகே கொண்டுபோனவர்
தொடாமல் எடுத்துக்கொண்டார்.
"அப்படியானால் இந்த மனிதர்
பட்டப்பகலில் விளக்கெரித்திருக்கிறார்.
நாற்பத்தொரு வருஷ மின்கட்டணம்!"

நான்கு விளிம்பும் சமமாக வேண்டும்,
கீழே மட்டும் ஒரு நூல் கூடலாம்.
தொழில் அப்படி.
அவர் கேட்டது வேறு:
"இடப்பக்கம் அரை அங்குலம் திற.
மற்றது சாயங்காலமாகவே இருக்கட்டும்."

சரிவாகக் கத்தியை இறக்கினேன்.
முதலாளி ருஜேரோ எட்டிப் பார்த்து
அளவு தப்பிவிட்டதா என்றார்.
இல்லை என்றேன். அவர் நம்பவில்லை.

வியாழக்கிழமை வந்து வாங்கிக்கொண்டார்.
ரசீதில் எழுதியிருந்தேன்:
சன்னல் இல்லாத சுவரில் மாட்டவும்.
படித்து, மடித்து, பைக்குள் போட்டார்.
எங்கே மாட்டுவார் என்று எனக்குத் தெரியும்.

தெருவைக் கடக்கும்போது
துண்டு நழுவி, இடது ஓரம்
பனி வெளிச்சத்தில் திறந்திருந்தது.