மணல் வாளி

புதன்கிழமை, வந்தாறுமூலை வளாகம், பகல் இரண்டரை.
ஆய்வுகூடச் சுவரில் மூன்று சிவப்பு வாளிகள்.
மூன்றிலும் கல்குடாக் கடல் மணல்,
ஒன்றில் யாரோ குத்திவைத்த ஐஸ்பழக் குச்சி.
தீயணைப்புப் பயிற்சி தர மாநகரசபையிலிருந்து வந்த
ஒக்கர்ஸ் ஐயா
குச்சியைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
என் பக்கம் திரும்பினார்:
"எண்ணெய்க்கு நுரை, கரண்டுக்குக் காபனீரொட்சைட்டு,
சோடியத்துக்கு இந்த மணல்.
மணலுக்கும் அடங்காத சாமான் ஏதும் கிடக்கா, மிஸ்?"

கரும்பலகையில் ஒரு டீ எழுத்துப் போட்டேன்.
நடுவில் குளோரீன். முனை மூன்றிலும் புளோரீன்.
இரண்டு தனிச்சோடி இலத்திரன் பின்னாலிருந்து நெருக்க
கைகள் நேராய் நிற்காது,
இரண்டரைப் பாகை சரிந்திருக்கும்
மீன் காவுகிறவன் தோளில் காத்தடி போல.

குளோரீன் முப்புளோரைட்டு.
பதினொன்றே முக்காற் பாகையில் கொதிக்கிறது.
எங்கட மார்கழி வாடைகூட அதற்கு அடுப்புத்தான்.
போத்தலில் வைக்கலாமா? கண்ணாடி எரியும்.
கல்நார் எரியும். சீமெந்துத் தரை எரியும்,
தரைக்குக் கீழே கிறவல் எரியும்.
தீக்குச்சி கேட்காது.
தண்ணீர் அடித்தால் தண்ணீர் வெடிக்கும்,
எழும்புகிற புகை எலும்பு வரை போகும்.

மணல்?
மணல் என்றால் என்ன, ஐயா?
சிலிக்கன் ஒட்சிசனோடு எரிந்து முடிந்த சாம்பல்.
கல்லடி தொட்டுப் பாசிக்குடா வரைக்கும்
அந்தச் சாம்பலில்தான் தோணி இழுக்கிறார்கள், பந்தடிக்கிறார்கள்.
எரிந்து முடிந்ததென்று நாம் விட்டுவைத்ததை
இது இன்னொருமுறை கொளுத்தும்.
ஒட்சிசனையே பிடுங்கி வெளியே தள்ளும்.

பின்வாங்கில் ஸிம்ரா பேனையை மூடினாள்.
புகைபோக்கி விசிறி மட்டும்
தன் பழைய கறகறப்பில்.

"மறுகா இதை எதிலதான் வைக்கிற?"

நிக்கல் உருளையில்.
நிக்கலையும் அது தொடும், முதல் தரம்.
மெல்லிசாய் ஒரு தோல் படியும்.
அந்தத் தோலுக்கு அங்கால் போக அதனால் ஏலாது.
உருளையைத் துடைத்தவர் கையிலிருந்து
ஒரு விரலடையாள எண்ணெய்
உள்ளே மிஞ்சியிருந்தாற் காணும், பிறகு தோலும் இல்லை.

"அணைக்கிறதுக்கு?"

ஒன்றும் இல்லை.
காற்று வருகிற பக்கம் போய் நில்லுங்கள்.
முடியும் வரைக்கும் நில்லுங்கள்.

அதை அவர் கொப்பியில் எழுதவில்லை.
முப்பத்தொரு வருஷச் சேவை.
எத்தனை இரவு அப்படி நின்றிருப்பார் என்று
நான் கேட்கவில்லை.

"இந்த வளாகத்தில கிடக்கா?"
இல்லை.
"நாட்டில?"
இருக்காதென்று நினைக்கிறேன்.
"மறுகா என்னத்துக்கு மிஸ் படிப்பிக்கிறீங்க?"
பாடத்திட்டத்தில் இருக்கிறது என்றேன்.
பொய்யில்லை. ஆறாம் அலகு, நாலு புள்ளி.

வாளிக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளினார்.
கொஞ்சநேரம் வைத்திருந்தார்,
விலை தெரிந்த சாமானைத்
திரும்ப நிறுத்துப் பார்ப்பவர் போல.
சிப்பித் துண்டொன்றை மேசை ஓரம் வைத்தார்.
மற்றதை வாளியில் போட்டுக் கையைத் தட்டினார்,
சிங்கடிக்குப் போய்க் குழாயைத் திறந்தார்.

ஐதரசன் எரிந்த சாம்பல்
குளிர்ச்சியாய் அவர் விரல்களுக்கிடையே ஓடிற்று.
நான் அதைச் சொல்லவில்லை.
அவர் முகமும் கழுவிக்கொண்டார்.