பிற விஷயங்கள்

மூன்றாம் பக்கத்தில் ஓரிடத்தில்
மை ஊறியிருக்கிறது.
மழைத்துளி என்று சொல்லிக்கொள்ளலாம்.
ஐம்பத்தாறு, ஐப்பசி.
இரணியலில் கயிற்றுக் கிட்டங்கி,
ஒழுகாத மூலையில் பெட்ரோமாக்ஸ்.
குறிப்பெழுத என்னை வைத்தார்கள்,
கோர்ட்டு ஆமீனின் மகன்,
கையெழுத்து நல்லது என்று.

பொருள் ஒன்று: நவம்பர் ஒன்றில் கொடியேற்றுவது யார்.
பொருள் இரண்டு: வெடிபட்டுச் செத்தவர்களுக்குக் கல்.
பொருள் மூன்று: பகை மறப்பு.

மூன்றில்தான் நேரம் போனது.
தாய்வீட்டுக்குப் போகிறோம்,
போகிற போக்கில் அண்டைவீட்டு வேலியை முறிக்கக் கூடாது
என்றார் சிவதாணு பிள்ளை.
ஏசுவடியான் வாத்தியார் மேசையைத் தட்டினார்:
வெடிவைக்கச் சொன்னவனுக்கும் மாலையா?
கோவிந்தன் தம்பி மலையாளத்தில் தொடங்கி
பாதியில் தமிழுக்கு இறங்கினார்.
ஞங்ஙளும் இந்த மண்ணுதான்.
கைதட்டினார்கள்.
கைதட்டல் என்று எழுதினேன்.

தெபோராள் எழுந்தது அப்போதுதான்.
கல்லில் பெயர் வரப்போகிறவனின் மனைவி என்பதால்
நடைக்கு உள்ளே, ஒரு சாக்கில்,
இடம் கொடுத்திருந்தோம்.

"இணையுதுண்ணு சொல்லுதிய. சந்தோசம்.
எனக்க மாப்பிள அதுக்குத்தான் செத்தாரு.
ஒண்ணு கேக்கட்டா?
அவருக்க பாட்டனுக்க அப்பனை வித்த ஓலை
தம்பிக்க மச்சில இருக்கு.
எட்டுப் பறை வயலு, ரெண்டு எருது, ஒரு ஆளு.
எருதுக்கு நெறம் எழுதியிருக்காம்.
ஆளுக்குப் பேரு இல்லியாம்.
அதை எடுத்து இஞ்ச வாசிக்கணும்.
வாசிச்சுட்டு இணையுங்க."

யாரோ எழுந்து விளக்குக்குக் காற்றடித்தார்கள்.
அடிக்கத் தேவையே இல்லை, நன்றாகத்தான் எரிந்தது.
கரையான் தின்னிருக்கும் என்று தம்பி சிரித்தார்.
நூறு வருசம் முன்பே மகாராஜா விளம்பரம் போட்டு
தீர்த்த காரியம் என்றார் பிள்ளை.
நான் வாத்தியாரைப் பார்த்தேன்.
தங்கள் வீட்டுப் பெண்கள் தோள்சீலைக்கு வாங்கிய அடியை
மேடைதோறும் எண்ணிச் சொல்கிறவர்.
அவர் மேசையைத் தட்டவில்லை.
"இண்ணைக்குச் சேருத நாளு, தெபோராள்.
அது நாளைக்கு."

"நாளைக்குண்ணா எந்த மாசம், வாத்தியாரே?"

பேனா தாளில் ஊன்றியபடி இருந்தது.
அப்படித்தான் மை ஊறியது.
பிறகு எழுதினேன்:
பொருள் நான்கு. பிற விஷயங்கள்.
இல்லை.

கொடி ஏறியது. பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு ஆரஞ்சு மிட்டாய்.
களியக்காவிளையில் கோடு விழுந்தது.
தையில் தம்பி தறவாட்டை விற்றுவிட்டு
நெய்யாற்றின்கரைக்குப் போனார்.
லாரியில் கட்டில், உருளி, குத்துவிளக்கு,
கயிறு போட்டுக் கட்டிய தேக்குப் பெட்டி.
வரப்பு முக்கில் புல்லுக்கட்டோடு வந்தவள்
லாரிக்கு வழிவிட்டு ஒதுங்கினாள்.
வயல் இந்த மாநிலம்.
ஓலை அந்த மாநிலம்.

கல் இப்போதும் நிற்கிறது.
மாசிலாமணி, நாலாவது பெயர்.
மற்றவர்களுக்கெல்லாம் தகப்பன் பெயரும் உண்டு.
அவருக்கு அந்த இடத்தில் ஒரு கோடு.
கல்தச்சனுக்குப் பட்டியல் எழுதிக்கொடுத்தது நான்.
அவளிடம் கேட்டிருக்கலாம்.
மூன்று பர்லாங்குதான் அவள் தெரு.
அன்று மழைகூட இல்லை.