பன்னிரண்டு பக்க வட்டம்

வட்ட வீடு என்று பெயர்.
வட்டமில்லை.
எண்ணிப் பார்த்தேன், பன்னிரண்டு பக்கம்.
ஃப்ரீமாண்டில் கடலோரப் பாறைமேல்
யாரோ கவிழ்த்துவிட்டுப் போன
மரக்கால் போல உட்கார்ந்திருக்கிறது.

காலையில் ஒரு வீட்டுக் கூரை ஒழுகலை
இழப்பீட்டுக்காகப் பார்த்து முடித்தாயிற்று.
மெல்பர்ன் விமானம் இரவுதான்.
படியேறினேன்,
ஈரம் அளக்கும் கருவி பையிலேயே கிடக்க.

லோர்னா என்ற தொண்டர்,
வெயிலில் வெந்து உரிந்த மூக்கு.
"ஆயிரத்து எண்ணூற்று முப்பத்தொன்று" என்றார்,
சொந்த மகள் பிறந்த ஆண்டைச் சொல்வதுபோல்.
சிறைச்சாலை. சுண்ணாம்புக்கல்.
எட்டு அறை, காவலருக்கு ஒரு வீடு,
முற்றத்து நடுவில் கிணறு.

வந்தவர்கள் தொழுமரத்தில் தலை நுழைத்துப்
படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.
ஒரு பையன் நாக்கை நீட்டினான்.
எனக்குக் கண்ணில் பட்டதெல்லாம்
உப்புப் பொரிந்த சுவர்,
பின்னாளில் யாரோ அவசரமாய்ப் பூசிய இடுக்கு.
தொழில் புத்தி
விடுமுறை எடுப்பதில்லை.

ஓர் அறையில் ஆள் இல்லை.
கருவியைக் கல்லில் வைத்தேன்,
காய்ச்சல் பார்ப்பதுபோல்.
சிவப்பு.
இன்னும் கொஞ்சம் கீழே.
சிவப்பு.

நூங்கர் மக்களைப் பிடித்து வந்து
தீவுக்குப் படகு வரும்வரை
இங்கே அடைத்திருந்தார்கள்.
தீவின் சொந்தப் பெயர் வாட்ஜெமப்.
வாசலில் நின்றால் தெரிகிறது,
கடலுக்கு அப்பால் ஒரு பென்சில் கோடு.
இப்போது போகிறவர்கள்
சைக்கிள் வாடகைக்கு எடுக்கிறார்கள்.

என் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு:
ஈரம் எங்கிருந்து வந்தது?
குழாய். கூரை. தரை. பிற.
'பிற' என்று குறித்தால்
மேலதிகாரி திருப்பி அனுப்புவார்.
தமிழில் ஈரத்துக்கு இன்னொரு பொருள் இருப்பது
அவருக்குத் தெரியாது.
எங்களுக்கு நீர் மட்டும்தான் கணக்கு.

ஒரு மணிக்குப் பீரங்கி.
அந்நாளில் துறைமுகத்துக் கப்பல்கள்
நேரம் சரிபார்த்துக்கொள்ள.
"இன்றைக்கு யார் சுடுவது?"
பையன் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டான்.
என் கை எப்போது உயர்ந்தது என்று
எனக்கே தெரியாது.

சத்தம் என்றால் அப்படிச் சத்தம்.
கூரைகளிலிருந்து கடற்பறவைகள் பிய்த்துக்கொண்டு எழுந்தன.
கம்பத்திலிருந்து பந்து விழுந்தது.
கீழே, பொரித்த மீன் விற்கும் பக்கம்
ஒருவர்கூட நிமிரவில்லை.
என் கைக்கடிகாரத்தில் மணி மூன்று.
மெல்பர்ன் நேரம்.
மாற்ற மறந்திருந்தேன்.

சான்றிதழ் ஒன்று கொடுத்தார்கள்.
சுருட்டிக் கருவியோடு செருகினேன்.
லோர்னா கை குலுக்கினார்.
"சுவர் எப்படி இருக்கிறது?" என்றார்.
பார்த்திருக்கிறார்.
"மூச்சு விடட்டும், எதையும் பூசாதீர்கள்"
என்றுதான் சொல்ல முடிந்தது.

விமானத்தில் படிவத்தை விரித்தேன்.
காதுக்குள் இன்னும் ஒரு வண்டு.
காலை வீட்டுக்குக் காரணம்:
உடைந்த ஓடு.
சரியான விடை.
அடுத்த கட்டத்துக்குப் போகத்தான்
நேரம் பிடித்தது.