வெள்ளெழுத்து வந்த மாதம்

மாத்திரை அட்டையில்
காலாவதித் தேதி தெரியவில்லை என்றுதான்
முதல் படம் எடுத்தேன்.
திரையில் விரலால் விரித்தேன்.
தேதி வந்தது: போன மார்ச்.
கூடவே, கேட்காமலே,
ஈயத்தாளின் சுருக்கங்கள்
விமானத்திலிருந்து பார்க்கும் மலைகளாய் வந்தன.
மாத்திரையைக் குப்பையில் போட்டேன்.
படத்தை அழிக்கக் கை வரவில்லை.

நாற்பத்து நான்கு வயது.
கண்ணாடி போடுங்கள் என்றார் டாக்டர்.
சரி என்று சொல்லிவிட்டு
ரிச்சி தெருவில் பேரம் பேசி
நூற்றெண்பது ரூபாய்க்கு
போனைக் கவ்வும் குட்டி லென்ஸ் ஒன்று வாங்கி வந்தேன்.
துணி காயப்போடும் கிளிப்புக்குக்
கண் முளைத்தது போலிருக்கும்.

*

குக்கர் வெயிட்டின் அடிப்பக்கம்.
கிணறு. சுவரெல்லாம் பருப்பு மஞ்சள்.
விசிலை எண்ணிக்கொண்டே பேசியதில்
இருபது வருடமாக
இந்தச் சமையலறையில்
ஒரு வாக்கியத்தையும் நான் முடித்ததில்லை.

*

தண்ணீர் கேன் மூடி, கிழித்த ஓரம்.
மூன்று மாடி தோளில் சுமந்து வருகிறான்.
என் போனில் அவன் பெயர் ‘வாட்டர் கேன்’.
அவன் போனில் நான்
‘லிஃப்ட் இல்லாத வீடு’ ஆக இருக்கலாம்.

*

சீப்பு.
இதற்குக் குறிப்பு எழுதுவதாக இல்லை.

*

தரமணி ஆபீசில் பக்கத்து இருக்கை செலினுக்கு
தினம் ஒரு படம் அனுப்புவேன்,
என்னவென்று சொல்லாமல்.
கல்லுப்பைப் பார்த்து
“இடிச்சுப் போட்ட அபார்ட்மெண்ட்” என்றாள்.
தோசைக்கல்லுக்கு
“மீனம்பாக்கம் ரன்வே, மழை விட்ட ராத்திரி.”
என் பல் பிரஷ்ஷுக்கு ரொம்ப நேரம் யோசித்து,
“பள்ளிக்கரணைக் கோரை. நாரை எங்கடி?”
ஒருமுறைகூடச் சரியாகச் சொன்னதில்லை.
உப்பைப் பற்றி நான் எழுதிய நாலு வரியை அடித்துவிட்டு
அவள் சொன்ன தப்பையே
படத்துக்குக் கீழே வைத்துக்கொண்டேன்.

*

பீரோவின் கீழ்க்கதவு.
வேளச்சேரித் தரைத்தள வீட்டிலிருந்து
எங்களோடு மாடி ஏறிய பீரோ.
வெள்ளம் வந்து நின்ற கோடு,
முழங்காலுக்கு ஒரு சாண் மேலே.
வருகிறவர்கள் எல்லோரும் குனிந்து
விரலால் தொட்டுப் பார்க்கும் கோடு.
லென்ஸை ஒட்டிவைத்துப் பார்த்தால்
கோட்டைக் காணோம்.
துருப் பொரிகள்.
ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை இல்லாத
நூற்றுக்கணக்கான தனித் துருக்கள்.
தள்ளி நிற்கிறவர்கள்
கோடு என்கிறோம்.

*

தணிகாசலத்தின் நீலச் சட்டை,
மேலிருந்து மூன்றாவது பொத்தான்.
வெள்ளைப் பொத்தானில் கறுப்பு நூல்.
நான்கு துளையில்
மூன்றில்தான் நூல் போயிருக்கிறது.
பின்பக்கம் ஒரு முடிச்சு,
மிளகு அளவுக்கு.

நான் தைத்ததில்லை.
ஊசி கோர்க்க முடியாமல் போனதை
நான் அவரிடம் சொன்னதில்லை.
ஆனால் ஏதோ ஓர் இரவு
வாசல் விளக்கடியில் நான் நூலை எச்சில்படுத்தி
எச்சில்படுத்தித் தோற்றதைப்
பார்த்திருக்கிறார்.
பார்த்தவர் சொல்லவும் இல்லை.
அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு
ஒரு மாதமாக பேங்குக்குப் போய் வந்திருக்கிறார்,
டை இல்லாமல், அந்தப் பொத்தானோடு.

இந்தப் படம் செலினுக்குப் போகவில்லை.

*

போன சனிக்கிழமை கண்ணாடி வந்தது.
உப்பு மறுபடி உப்பளவுக்குச் சுருங்கியது.
மாத்திரை அட்டை தன் தேதியைத் தானே சொன்னது.
முதல் வேலையாக ஊசி கோர்த்தேன்,
வெள்ளை நூல், ஒரே முயற்சி.
நீலச் சட்டையை மடியில் போட்டு
கறுப்பு நூலை வெட்டக் கத்தரியும் எடுத்தேன்.

நான்காவது துளை வழியாக
கீழே இருந்த என் சேலையின் சிவப்பு
ஒரு புள்ளி தெரிந்தது.

சட்டையை மடித்து வைத்துவிட்டேன்.
கோர்த்த ஊசி
தினசரிக் காலண்டரின் அட்டையில்
குத்தியபடி இருக்கிறது,
நூல் காற்றில் ஆடிக்கொண்டு.